மத்தேயு 17:21 எங்கே போனது? வேதாகமம் கற்பிப்பவர்களுக்கான அடிப்படைகள்

"புதிய வேதாகமங்களில் வசனங்களை எடுத்துவிட்டார்கள், மத்தேயு 17:21 ஐத் தேடிப் பாருங்கள்" என்றொரு செய்தி கைப்பேசிகளில் அவ்வப்போது சுற்றி வருகிறது. தேடிப் பார்த்தால் பல புதிய மொழிபெயர்ப்புகளில் 20 ஆம் வசனத்துக்குப் பின் நேரே 22 தான் வருகிறது. அல்லது 21 பக்கத்தின் அடியில் சின்ன எழுத்தில் கிடக்கிறது. ஞாயிறு பாடசாலையில் தரம் 10 பிள்ளை ஒன்று இதைக் காட்டிக் கேட்டால் ஆசிரியர் என்ன சொல்வது?

இதோடு இன்னும் சில கேள்விகளும் சேர்ந்து வரும். கத்தோலிக்கரின் விவிலியத்தில் 73 நூல்கள், மற்றச் சபைகளின் வேதாகமத்தில் 66. யார் கூட்டினார்கள், யார் குறைத்தார்கள்? நற்செய்திகள் நான்கும் ஏன் ஒரே மாதிரி இல்லை? யாழ்ப்பாணத்தில் கத்தோலிக்கர், தென்னிந்தியத் திருச்சபையினர், மெதடிஸ்தர், அங்கிலிக்கர், பெந்தெகொஸ்தே சபையினர் எல்லோரும் பக்கத்துப் பக்கத்து ஒழுங்கைகளில் இருக்கிறார்கள். அரச பாடத்திட்டத்தில் கத்தோலிக்கமும் கிறிஸ்தவமும் தனித்தனிப் பாடங்கள்தான். ஆனால் பாடசாலையின் கிறிஸ்து பிறப்பு ஒளிவிழா ஒத்திகையிலும் கலப்பு மணக் குடும்பங்களின் வீட்டு மேசையிலும் இரண்டு நூல்களும் சந்தித்துக்கொள்கின்றன.

நமது வகுப்புகள் பெரும்பாலும் வினாவிடைப் போட்டியை நோக்கியே நடக்கின்றன. 66 நூல்களில் 1,189 அதிகாரங்கள், மிக நீண்டது 119 ஆம் சங்கீதம் என்று பிள்ளைகள் மடமடவென்று ஒப்புவிப்பார்கள். அந்த நூல் எப்படி உருவாகி நம் கைக்கு வந்தது என்பதை யாரும் சொல்லிக் கொடுப்பதில்லை. இன்றைய கேள்விகள் எல்லாம் அங்கேதான் எழுகின்றன. ஆசிரியர் முதலில் படிக்க வேண்டியதும் அதைத்தான்.

66 உம் 73 உம்

புதிய ஏற்பாட்டில் தகராறு இல்லை. எல்லோருக்கும் 27 நூல்கள். இன்றுள்ள அதே 27 ஐயும் வரிசைப்படுத்திச் சொன்ன பழைய பட்டியல், அலெக்சாந்திரியா ஆயர் அத்தனாசியு கி.பி. 367 இல் எழுதிய மடலில் இருக்கிறது. வேறுபாடு பழைய ஏற்பாட்டில் மட்டும்தான். அது வந்த விதம் இது:

1. யூதர்களின் எபிரெய மறைநூலில் 24 நூல்கள். திருச்சட்டம், இறைவாக்கினர், எழுத்துகள் என்று மூன்று பகுதி. சாமுவேல், அரசர்கள், குறிப்பேடு ஆகியவற்றை இரண்டிரண்டாகவும், எஸ்றா–நெகேமியாவைத் தனித்தனியாகவும், சிறிய இறைவாக்கினர் பன்னிருவரைப் பன்னிரண்டாகவும் எண்ணினால் அதே 24 தான் 39 ஆகும். உள்ளடக்கம் ஒன்றே, எண்ணும் முறை வேறு.

2. கி.மு. 3 ஆம் நூற்றாண்டு தொடங்கி, எகிப்தின் அலெக்சாந்திரியாவில் கிரேக்கம் பேசிய யூதர்களுக்காக இந்த நூல்கள் கிரேக்கத்தில் பெயர்க்கப்பட்டன. செப்துவஜிந்த் என்று பெயர் பெற்ற அந்தத் தொகுப்போடு தோபித்து, யூதித்து, சாலமோனின் ஞானம், சீராக்கின் ஞானம், பாரூக்கு, மக்கபேயர் 1, 2 ஆகிய நூல்களும் வழங்கின. எஸ்தர், தானியேல் நூல்களில் சில கூடுதல் பகுதிகளும் இருந்தன. ஆதிச் சபை பெரும்பாலும் கிரேக்கத்திலேயே வாசித்ததால் இவையும் அதன் கைக்கு வந்தன. 39 உடன் 7, மொத்தம் 46.

3. லத்தீனில் மொழிபெயர்த்த எரோணிமுஸ், எபிரெயத்தில் இல்லாத நூல்களுக்கு அதே தகுதி உண்டா என்று அப்போதே ஐயம் எழுப்பினார். ஆனாலும் அவை லத்தீன் விவிலியத்தில் தொடர்ந்து இடம்பெற்றன.

4. மார்ட்டின் லூதர் 1534 இல் வெளியிட்ட ஜெர்மன் வேதாகமத்தில் இவற்றை இரண்டு ஏற்பாடுகளுக்கும் நடுவே தனிப் பகுதியாக வைத்தார். எறிந்துவிடவில்லை. கத்தோலிக்கத் திருச்சபை 1546 இல் திரெந்து நகரில் கூடிய ஆயர்களின் பொதுச்சங்கத்தில் 46 ஐயும் உறுதி செய்தது.

5. 1611 இன் ஆங்கில மொழிபெயர்ப்பிலும் அந்த நடுப்பகுதி இருந்தது. பிரித்தானிய, வெளிநாட்டு வேதாகமச் சங்கம் அந்தப் பகுதியுள்ள பதிப்புகளுக்கு இனிப் பணம் தருவதில்லை என்று 1826 இல் முடிவெடுத்தது. மிஷன் நாடுகளுக்குப் போன வேதாகமங்களில் பல அந்தச் சங்கத்தின் உதவியோடு அச்சானவை. ஆகவே நம் பக்கத்துச் சீர்திருத்தச் சபையினருக்கு அந்த நூல்கள் கண்ணிலேயே படாமல் போயின.

"கத்தோலிக்கர் கூட்டினார்கள்" என்பதும் சரியில்லை, "புரட்டஸ்தாந்தர் கிழித்தெறிந்தார்கள்" என்பதும் சரியில்லை. எபிரெயப் பட்டியல், கிரேக்கப் பட்டியல் என்று இரண்டு பழைய மரபுகள் இருந்தன. ஒரு சபை ஒன்றைப் பிடித்தது, மற்றது மற்றதைப் பிடித்தது. எத்தியோப்பியத் திருச்சபை 81 நூல்களை எண்ணுகிறது என்பதையும் சொன்னால் பிள்ளைகளுக்கு வேடிக்கையாக இருக்கும், விஷயமும் விளங்கும்.

நடைமுறையில் ஆசிரியரைத் தடுமாற வைப்பவை நூல்களின் பெயர்கள்தான். ஆதியாகமம் கத்தோலிக்கரின் விவிலியத்தில் தொடக்க நூல், யாத்திராகமம் விடுதலைப் பயணம், அப்போஸ்தலர் நடபடிகள் திருத்தூதர் பணிகள். சங்கீதத்தில் எண்ணும் மாறும். கிரேக்க, லத்தீன் வழி எண்ணிக்கையில் 9 உம் 10 உம் ஒரே பாடல் என்பதால், "கர்த்தர் என் மேய்ப்பர்" என்ற 23 ஆவது பாடல் பழைய கத்தோலிக்க நூல்களில் 22 ஆக இருக்கும். அம்மம்மாவின் பழைய செபப் புத்தகத்தைக் கொண்டுவரும் பிள்ளையைப் பிழை பிடிக்காமல் இருக்க இது போதும்.

வசனம் காணாமற்போன கதை

சரி, மத்தேயு 17:21 க்கு வருவோம். இதற்கு மூன்று அடிப்படைச் செய்திகள் வேண்டும்.

முதலாவது, அதிகாரமும் வசன எண்ணும் மூலநூலில் இல்லை. அதிகாரப் பிரிப்பு 13 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஸ்டீபன் லாங்டன் செய்தது. பாரிஸில் கற்பித்த அவர் பின்னர் கன்ரபரிப் பேராயர் ஆனார். புதிய ஏற்பாட்டின் வசன எண்கள் ரொபேர் எஸ்தியேன் என்ற அச்சாளர் 1551 இல் போட்டவை. பவுல் எண் போட்டு மடல் எழுதவில்லை.

இரண்டாவது, மூல ஆசிரியரின் கையால் எழுதிய பிரதி ஒன்றும் இன்று இல்லை. நமக்கு இருப்பவை படிகள், படிகளின் படிகள். எஸ்தியேன் காலத்தில் அச்சான கிரேக்கப் பதிப்புகள் பெரும்பாலும் பிற்காலப் படிகளிலிருந்து எடுக்கப்பட்டவை. அதன் பிறகுதான் மிகப் பழைய படிகள் ஆய்வாளர் கைக்கு எட்டின. சீனாய் மலை மடத்தில் 19 ஆம் நூற்றாண்டில் வெளிச்சத்துக்கு வந்த சீனாய்ச் சுவடியும் வத்திக்கான் நூலகத்துச் சுவடியும் கி.பி. 4 ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை.

மூன்றாவது, படியெடுக்கும்போது சொற்கள் மாறும். இதை யாழ்ப்பாணத்தில் விளக்குவது சுலபம். சிறுப்பிட்டியில் பிறந்து வட்டுக்கோட்டைச் செமினரியில் படித்த சி. வை. தாமோதரம்பிள்ளை 1887 இல் கலித்தொகையை அச்சேற்றியபோது ஏடுகளைத் தேடி எடுத்து ஒப்பிட்டுத்தான் பாடம் தீர்மானித்தார். ஓர் ஏட்டில் ஒரு சொல், இன்னோர் ஏட்டில் வேறு சொல். பாடபேதம் என்கிறோமே, அதுதான். கிரேக்கச் சுவடிகளை ஒப்பிடுகிறவர்களும் இந்த வேலையைத்தான் செய்கிறார்கள். சுவடிகள் ஆயிரக்கணக்கில் இருப்பதால் வேலை கூடுதல், அவ்வளவுதான்.

இப்போது அந்த வசனம். இந்த வகைப் பிசாசு ஜெபத்தாலும் உபவாசத்தாலும் அன்றிப் போகாது என்பது அதன் பொருள். சீனாய், வத்திக்கான் சுவடிகள் இரண்டிலும் மத்தேயுவின் அந்த இடத்தில் இது இல்லை. ஆனால் அதே நிகழ்ச்சியைச் சொல்லும் மாற்கு 9:29 இல் இதற்கு நிகரான வாக்கியம் உண்டு. மாற்குவை நன்றாகத் தெரிந்த ஒரு படியாளர் மத்தேயுவிலும் அதைச் சேர்த்திருக்க வேண்டும் என்பதே பெரும்பாலான ஆய்வாளரின் முடிவு. மாற்குவிலும் "உபவாசம்" என்ற சொல் மட்டும் அந்த இரு சுவடிகளில் இல்லை. உபவாசப் போதனையே போய்விட்டதோ என்று பதற வேண்டாம். மத்தேயு 6:16–18 அந்த இரு சுவடிகளிலும் இருக்கிறது.

வசனத்தை எடுத்தவர்கள் ஏன் எண்களை மாற்றிப் போடவில்லை? மாற்றினால் உலகம் முழுவதும் மேற்கோள் எண்கள் குழம்பிவிடும். அதனால் எண்ணை வெற்றிடமாக விட்டு, விஷயத்தை அடிக்குறிப்பில் சொல்கிறார்கள். ஒளிக்க நினைப்பவர் யாராவது "இங்கே ஒன்று இருந்தது" என்று எண்ணை விட்டுவைப்பாரா?

இதே வகையில் ஆசிரியர் அறிந்திருக்க வேண்டிய இடங்கள் இன்னும் சில உண்டு. யோவான் 5:4, அப்போஸ்தலர் 8:37 ஆகியவை சிறியவை. மாற்கு 16:9–20 பெரியது. பழைய இரு சுவடிகளிலும் மாற்கு, பெண்கள் பயந்து ஓடுவதோடு 16:8 இல் முடிகிறது. விபசாரத்தில் பிடிபட்ட பெண்ணின் கதையும், யோவான் 7:53 முதல் 8:11 வரை, மிகப் பழைய படிகளில் இல்லை. புதிய பதிப்புகள் பலவும் இவற்றை நீக்காமல் குறிப்போடு அச்சிடுகின்றன. 1 யோவான் 5:7 இல் பரலோகத்தில் சாட்சியிடும் மூவரைப் பற்றிய வரி வேறு கதை. அறிஞர் எராஸ்மஸ் தமது கிரேக்கப் புதிய ஏற்பாட்டுப் பதிப்பில் 1516 இலும் 1519 இலும் அதைச் சேர்க்கவில்லை. எதிர்ப்புக் கிளம்பிய பிறகு 1522 இல் சேர்த்தார். திரித்துவம் பற்றி வகுப்பெடுப்பவர் இந்த ஒரு வரியின் மேல் முழுப் பாடத்தையும் கட்டாமல் இருப்பது நல்லது. மத்தேயு 28:19 இருக்கிறது.

நம் வீடுகளிலுள்ள பழைய தமிழ் வேதாகமத்தில் மட்டும் இந்த வசனங்கள் எல்லாம் எப்படி இருக்கின்றன? அதற்குத் தமிழ் மொழிபெயர்ப்பின் வரலாறு கொஞ்சம் தெரிய வேண்டும். ஒல்லாந்தர் 1658 இல் யாழ்ப்பாணத்தைப் பிடித்தபின் இங்கு போதகராக இருந்த பால்தேயு மத்தேயு நற்செய்தியைத் தமிழாக்கினார். தரங்கம்பாடியில் மிஷனரி சீகன்பால்கின் புதிய ஏற்பாடு 1715 இல் அச்சானது. பின்னர் மிஷனரி பப்ரிசியுஸின் மொழிபெயர்ப்பு வந்தது. யாழ்ப்பாணத்தில் மெதடிஸ்த மிஷனரி பீட்டர் பெர்சிவல் தலைமையில், ஆறுமுக நாவலரின் துணையோடு ஆன மொழிபெயர்ப்பு 1850 இல் வெளிவந்தது. சைவத்துக்காகப் பிரசங்கம் செய்துகொண்டே நாவலர் இந்த வேலையையும் முடித்துக் கொடுத்தார் என்பது இந்த ஊரின் விசித்திரங்களில் ஒன்று. ஆனால் தமிழ்நாட்டுச் சபைகள் அந்தப் பதிப்பை ஏற்கவில்லை. ஹென்றி பவர் குழுவின் 1871 ஆம் ஆண்டுப் பதிப்பே நிலைத்தது. நாம் "பழைய மொழிபெயர்ப்பு" என்பது அதைத்தான். அது எஸ்தியேன் காலத்து அச்சுக் கிரேக்க மரபைப் பின்பற்றியது. கத்தோலிக்கருக்கும் மற்றச் சபைகளுக்கும் பொதுவான மொழிபெயர்ப்பாக 1995 இல் வந்த திருவிவிலியம், பழைய சுவடிகளையும் ஒப்பிட்ட நவீனப் பதிப்புகளைப் பின்பற்றியது. வித்தியாசத்துக்குக் காரணம் இவ்வளவுதான்.

ஆண்டு வரிசை தெரியாமல் வசனம் எடுக்கக்கூடாது

வேதாகமத்தில் நூல்கள் நடந்த வரிசையில் அடுக்கப்படவில்லை. பவுலின் மடல்கள் ஏறக்குறைய நீளத்தின்படி உள்ளன. நீளமான ரோமர் முதலில், ஒரு பக்கப் பிலேமோன் கடைசியில். எழுதிய காலத்தைப் பார்த்தால் 1 தெசலோனிக்கேயர், கி.பி. 50 ஐ ஒட்டி, மிக முந்தியவற்றில் ஒன்று. நற்செய்திகளில் மாற்குதான் முதலில் எழுதப்பட்டது என்பது பெரும்பான்மை ஆய்வாளரின் கருத்து. கரும்பலகையின் ஓரத்தில் நிரந்தரமாக எழுதி வைக்கக்கூடிய சட்டகம் இது:

1. ஆபிரகாம் முதல் மோசே வரை. உறுதியான ஆண்டு சொல்ல முடியாது. எகிப்திலிருந்து வெளியேறியது கி.மு. 15 ஆம் நூற்றாண்டா 13 ஆம் நூற்றாண்டா என்று விவாதம் உண்டு.
2. தாவீது, கி.மு. 1000 அளவில். சாலமோனுக்குப் பின், 930 அளவில், நாடு இரண்டானது: வடக்கே இஸ்ரவேல், தெற்கே யூதா.
3. கி.மு. 722: அசீரியர் சமாரியாவைப் பிடித்தனர். ஆமோசும் ஓசியாவும் இதற்கு முன் வடக்கில் பேசியவர்கள்.
4. கி.மு. 587 (சில நூல்களில் 586): பாபிலோனியர் எருசலேமை அழித்தனர். எரேமியா அதைக் கண்ணால் கண்டவர்.
5. கி.மு. 539: பாரசீக அரசன் கோரேசு பாபிலோனைப் பிடித்தான், யூதர் திரும்பினர். இரண்டாம் ஆலயம் 515 இல் முடிந்தது.
6. கி.மு. 332 இல் அலெக்சாந்தர், 167–164 இல் மக்கபேயர் எழுச்சி, 63 இல் ரோமர்.
7. கி.பி. 70: ரோமர் ஆலயத்தை அழித்தனர்.

இயேசு எப்போது பிறந்தார் என்று கேட்டால் "கி.மு. 6 க்கும் 4 க்கும் இடையில்" என்பதே பரவலான விடை. பிள்ளைகள் சிரிப்பார்கள். கி.பி. கணக்கை 6 ஆம் நூற்றாண்டில் வகுத்த தியோனிசியு என்ற துறவி சில ஆண்டுகள் பிந்திக் கணக்கிட்டார். ஏரோது இறந்தது கி.மு. 4 இல் என்பது பெரும்பாலோர் முடிவு, இயேசுவோ ஏரோதின் காலத்தில் பிறந்தவர்.

வரிசை ஏன் முக்கியம் என்பதற்கு எரேமியா 29:11 ஒன்றே போதும். நமக்காகத் தேவன் வைத்திருக்கும் சமாதானத் திட்டங்களைப் பற்றிய அந்த வசனம் வருடப்பிறப்பு வாக்குத்தத்த அட்டையிலும் சுவர்க் கலண்டரிலும் தவறாமல் வரும். சோதனைக்குப் போகும் பிள்ளைக்கும் கனடா விசாவுக்குக் காத்திருப்பவருக்கும் அதையே எழுதிக் கொடுக்கிறோம். அது எரேமியா பாபிலோனுக்கு நாடுகடத்தப்பட்டவர்களுக்கு அனுப்பிய கடிதத்தின் ஒரு வரி. முந்திய வசனம் எழுபது ஆண்டு ஆகும் என்கிறது. அதற்கும் முன்னால், அங்கேயே வீடு கட்டுங்கள், தோட்டம் நடுங்கள், அந்த நகரத்தின் நலனுக்காக வேண்டுங்கள் என்று இருக்கிறது. சீக்கிரம் ஊர் திரும்பலாம் என்று சொன்ன போலித் தீர்க்கதரிசிகளுக்கு மறுப்பாக எழுதிய கடிதம் அது. போரால் மக்கள் ஊரை விட்டு வெளியேறிய 1995 ஒக்டோபர் இடப்பெயர்வைப் பார்த்த ஊரில் இந்த முழு அதிகாரத்தையும் வாசித்தால் வகுப்பு அட்டை வசனத்தைவிட அதிகமாகக் கவனிக்கும்.

இதோடு நூலின் வகையையும் பார்க்க வேண்டும். சட்டம், வரலாறு, பாட்டு, முதுமொழி, உவமை, மடல், வெளிப்பாட்டு நூல் என்று ஒவ்வொன்றையும் வாசிக்கும் முறை வேறு. நீதிமொழிகள் பொதுவாக நடப்பதைச் சொல்லும் முதுமொழி, ஒவ்வொருவருக்கும் எழுதித் தந்த உத்தரவாதம் அல்ல. வெளிப்படுத்தின விசேஷம் சின்ன ஆசியாவில், இன்றைய துருக்கியில், இருந்த ஏழு சபைகளுக்கு எழுதப்பட்டது. அவர்களுக்கு விளங்காத எதையும் அதில் தேடுவதற்கு முன் அவர்களுக்கு என்ன விளங்கியிருக்கும் என்று கேட்க வேண்டும்.

நிலம்

யாழ்ப்பாணத்தில் மலை இல்லை, ஆண்டு முழுவதும் ஓடும் ஆறும் இல்லை. வழுக்கையாறு மாரியில்தான் ஓடும். எனவே கள்ளர் கையில் அகப்பட்டவனைப் பற்றிய நல்ல சமாரியன் உவமையில் எருசலேமிலிருந்து எரிகோவுக்கு "இறங்கிப் போனான்" என்ற சொல் பிள்ளைகளுக்கு வெறும் சொல்தான். எருசலேம் கடல்மட்டத்துக்கு மேலே 750 மீற்றர் அளவில், எரிகோ கடல்மட்டத்துக்குக் கீழே 250 மீற்றர் அளவில். ஆயிரம் மீற்றர் இறக்கம், 27 கிலோமீற்றர் அளவுக்குள். பாறையும் குகையுமான வழி. கள்ளர் பதுங்க இடம் வேண்டாமா?

கலிலேயாக் கடலும் அப்படித்தான். மீனவர் வாழும் குருநகரிலும் பாசையூரிலும் வளர்ந்த பிள்ளை பேதுருவை ஆழ்கடலில் கற்பனை செய்யும். அது நன்னீர் ஏரி, நீளம் 21 கிலோமீற்றர், கூடிய அகலம் 13 கிலோமீற்றர் அளவு, கடல்மட்டத்துக்கு 210 மீற்றர் அளவு கீழே. சுற்றிலும் மேட்டு நிலம் என்பதால் காற்று திடீரென்று இறங்கி அடிக்கும். நாடும் சின்னது. வடக்கு எல்லையான தாண் முதல் தெற்கு எல்லையான பெயெர்செபா வரை சுமார் 240 கிலோமீற்றர், யாழ்ப்பாணத்திலிருந்து தம்புள்ளைக்குப் போகும் தூரமளவு. கிணறு பற்றிய கதைகளுக்கு மட்டும் நமக்கு விளக்கமே தேவையில்லை. நீருக்காகக் கிணற்றடியில் சண்டை பிடித்த ஈசாக்கின் மேய்ப்பர்களை வலிகாமத்துப் பிள்ளை உடனே புரிந்துகொள்ளும்.

நூலில் இருப்பதும் மேடையில் இருப்பதும்

மார்கழியில் ஒவ்வொரு பாடசாலையிலும் ஒளிவிழா. பெரும்பாலானோர் கிறிஸ்து பிறப்பை அந்த நாடகத்திலிருந்தே அறிகிறார்கள், நற்செய்தியிலிருந்து அல்ல. ஆசிரியர் மத்தேயு 1–2 ஐ ஒரு தாளிலும் லூக்கா 1–2 ஐ இன்னொரு தாளிலும் தனித்தனியாகக் குறித்துப் பார்க்கட்டும். நட்சத்திரமும் ஞானிகளும் ஏரோதின் குழந்தைக் கொலையும் எகிப்துப் பயணமும் மத்தேயுவில் மட்டும். மேய்ப்பரும் முன்னணையும் குடிமதிப்பும் லூக்காவில் மட்டும். மாற்குவும் யோவானும் பிறப்புக் கதையே சொல்லவில்லை. மத்தேயு அரசர் குலத்து வாரிசைக் காட்ட எழுதுகிறார், லூக்கா எளியவருக்கு வந்த செய்தியைக் காட்ட எழுதுகிறார். இப்படிப் பிரித்துப் பார்த்த ஆசிரியருக்கு நான்கு நற்செய்திகளும் ஏன் வேறுபடுகின்றன என்ற கேள்வியில் பாதி விடை கிடைத்துவிடும்.

பிறகு, இரண்டு தாளிலும் இல்லாதவற்றைப் பாருங்கள். ஞானிகள் மூவர் என்று எண்ணிக்கை இல்லை, காணிக்கைதான் மூன்று. அவர்கள் அரசர் என்றும் இல்லை. அவர்கள் வந்தது வீட்டுக்கு, மத்தேயு 2:11. இரக்கமற்ற சத்திரக்காரன் வசனம் பேசும் காட்சி லூக்காவில் கிடையாது, இடமில்லை என்ற ஒரு தொடர்தான். இந்தப் பழக்கம் வந்தால் மற்ற இடங்களிலும் கண் திறக்கும். ஏதேன் கனியை ஆப்பிள் என்று நூல் சொல்லவில்லை. தமஸ்குவுக்குப் போன சவுல் குதிரையிலிருந்து விழவில்லை, அப்போஸ்தலர் 9 இல் குதிரையே இல்லை.

இதற்காக ஒளிவிழாவில் கிரீடம் வைத்த மூன்று பிள்ளைகளையும் மேடையை விட்டு இறக்க வேண்டியதில்லை. மரபு மரபாக இருக்கட்டும், எது மரபு என்று கேட்கும் பிள்ளைக்குச் சொல்லத் தெரிந்தால் போதும். முன்னணை அருகே நிற்கும் மாடும் கழுதையும் ஏசாயா 1:3 இலிருந்து வந்தவை, ஒட்டகங்கள் ஏசாயா 60:6 இலிருந்து.